மச்சானின் பிக்கப்புக்கு ஊற்றிய ஒயில்

அன்றைக்கு அந்தக் கராஜில் நின்றது ஐந்து பேர். நான். என் மனைவி. அவளுடைய தம்பி, அதாவது என் மச்சான். மெக்கானிக். ஐந்தாவது ஆள், தன் மூன்று சில்லு வண்டிக்குப் பிறேக் கட்டுவதற்காக வந்து ஒரு பழைய ரயரின் மேல் குந்தியிருந்த சியாகுல்லி மலைப்பக்கத்துப் பழத்தோட்டக்காரர். ஆறாவதாக ஒருவரும் இல்லை. பிறகு வந்த நாட்களில், "உன்ரை மச்சானுக்கு உந்த ஒயிலைப் போடச் சொன்னது ஆர்?" என்று கோயிலடியிலும் கடையடியிலும் சனம் கேட்டபோது, வேறு யாராவது அங்கே நின்று சொல்லியிருக்க மாட்டார்களா என்று நான் அந்தக் கராஜுக்குள் மனதால் பலதடவை போய்த் தேடியிருக்கிறேன். ஐந்து பேர்தான். சொன்னது நான்.

கராஜ் பலெர்மோவின் பெரிய ரயில் நிலையமான ஸ்தாசியோனே சென்ட்ராலேக்குப் பின்பக்கம், ரயில் பாதையை ஒட்டிய தெருவில் இருக்கிறது. பிக்கப் நடுவில் உயர்த்தி நின்றது. வெள்ளை நிறம், டீசல், முன்னால் இரண்டு பேர் இருக்கலாம், பின்னால் திறந்த பெட்டி. மச்சான் அதை வாங்கிப் பத்து நாள்தான். ஒன்பது வருசமாகப் பலெர்மோவில் படிக்கட்டுக் கழுவி, கோப்பை கழுவி, கடைசியில் ஒரு கிழட்டு இத்தாலியச் சிஞ்ஞோரைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தவன். அந்த மனிசன் கார்த்திகை மாதம் செத்துப்போனார். அவரோடு சம்பளமும் போனது, சம்பளத்தைக் காட்டுகிற பேப்பரும் போனது. மச்சான் கட்டிவந்த சீட்டைக் கழிவு கொடுத்து எடுத்து அந்தப் பிக்கப்பை வாங்கினான்.

அவனுக்கு வவுனியாவில் மனைவி இருக்கிறாள். கட்டி மூன்று வருசம். கட்டிய பிறகு இரண்டுபேரும் ஒன்றாக இருந்தது நாற்பது நாள். அவளை இங்கே கூப்பிட வேண்டுமென்றால் ஒரு வருச வருமானத்தைப் பேப்பரில் காட்ட வேண்டும், வீடு காட்ட வேண்டும். பழைய ரயரில் குந்தியிருந்த தோட்டக்காரர்தான் அதற்கு ஒரு வழியாக வந்தவர். சியாகுல்லியில் மற்ற மந்தரீனோத் தோடம்பழம் எல்லாம் முடிந்த பிறகு, பிந்திப் பழுக்கிற மந்தரீனோ ஒன்று இருக்கிறது. தை நடுப்பகுதியிலிருந்து பங்குனி முடியும்வரை ஒவ்வொரு நாளும் அந்தப் பெட்டிகளைச் சந்தைக்கு இறக்கிக்கொடுத்தால் ஒழுங்காகப் பேப்பர் எழுதிக் காசு தருவதாகச் சொல்லியிருந்தார். அது நல்லபடி நடந்தால் வருசம் முழுக்க எலுமிச்சை, மற்றச் சாமான் எல்லாம் இவனுக்குத்தான். அந்தப் பிக்கப் ஓடினால் வவுனியாவில் இருக்கிறவள் வருவாள். இதை நான் அப்போதே நன்றாக விளங்கி வைத்திருந்தேன். விளங்கியதுதான் என்னை நித்திரை கொள்ள விடவில்லை.

மெக்கானிக் பழைய ஒயிலை வடியவிட்டார். தார் மாதிரிக் கறுப்பு. பிறகு இரண்டு கான்களைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். ஒன்று முழுச் சிந்தெற்றிக், மற்றது கலப்பு.

"இது ரெண்டு லட்சத்து அறுபதினாயிரம் கிலோமீற்றர் ஓடின வண்டி," என்றார். அவர் கதைப்பது சிசிலிய மொழி, எனக்கு முக்கால்வாசி விளங்கும். "இதுக்குக் கலப்பு காணும். ஆனால் எட்டாயிரத்துக்கு ஒருதரம் மாத்த வேணும், மறக்கக் கூடாது. சிந்தெற்றிக் எண்டால் நல்ல சாமான். காலமைக் குளிரிலை கெதியா மேலை ஏறும், கூடத் தூரம் போகும். ஆனால் மெல்லிசு. பழைய சீல் எங்கையாவது தேஞ்சிருந்தால் கசியும். வண்டி உங்கடை, காசும் உங்கடை."

எஞ்சினுக்குப் போவது ஆறரை லீட்டர். ஐந்து லீட்டர் கான் ஒன்றும், ஒரு லீட்டர்ப் போத்தல் இரண்டும் வேண்டும். கலப்பு என்றால் முப்பத்தாறு யூரோ. சிந்தெற்றிக் என்றால் அறுபத்தெட்டு.

"ரெண்டையும் வாங்குங்கோவன்," என்றாள் என் மனைவி. அவளுக்குத் தன் முதலாளியம்மா சிஞ்ஞோராவின் வீட்டுக்கு வேலைக்குப் போக நேரமாகிக்கொண்டிருந்தது. "மிஞ்சினதைத் தலைக்கு வைக்கலாம்."

மச்சான் சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

தோட்டக்காரர் தன் வண்டியைக் காட்டினார். இங்கே அதை லாப்பா என்பார்கள். "என்ரை லாப்பாவுக்கு மீன் பொரிச்ச எண்ணெயை ஊத்தினாலும் ஓடும்," என்றார். மெக்கானிக் திரும்பிப் பார்க்காமலே, "அதுதானே அது மூண்டு மாசத்துக்கு ஒருக்கா என்னட்டை வருது," என்றார்.

எல்லோருக்கும் அது ஒரு சின்ன விசயம். எனக்கு அப்படி இல்லை. நாலு நாளாக நான் போனில் ஒயில் பற்றிய வீடியோக்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். சென்னைப் பெடியன் ஒருவன் ஒரு எஞ்சினைப் பிரித்து, உள்ளே களி மாதிரிக் கட்டிப்பட்டுக் கிடந்ததை விரலால் வழித்துக் காட்டினான். கலப்பு ஒயிலைப் போட்டுவிட்டு நேரத்துக்கு மாற்றாததால் வந்ததாம். அந்த விரல் வரும் இடத்தை நான் திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பார்த்தேன்.

"தம்பி, உதுக்குள்ளை ரேர்போ இருக்கு," என்றேன். "சூட்டிலை ஒயில் கட்டிபட்டால் முதல் போறது அதுதான். சிந்தெற்றிக் போடு."

"அத்தான், முந்தி வச்சிருந்த மனிசன் கலப்புத்தானாம் போட்டவர். அதோடைதானே இவ்வளவும் ஓடியிருக்கு."

"அது அவற்றை வண்டி. அவருக்கு உது போனால் வேறை ஒண்டு வாங்குவார். உனக்கு?"

அவன் கலப்புக் கானைக் கையில் எடுத்தான்.

"முப்பத்திரண்டு யூரோதானே வித்தியாசம். அதை நான் தாறன்."

"காசுக்கு இல்லை அத்தான்," என்றான். கானைத் திரும்ப மேசையில் வைத்தான். பிறகு, "நீங்கள் சொன்னால் சரி," என்றான்.

அவன் பலெர்மோவுக்கு வந்திறங்கிய நாளில் படுக்க இடம் கொடுத்தது நான். முதல் தடவை பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதிக்காக க்வெஸ்தூராப் பொலிஸ் கந்தோரில் விடியற்காலையிலிருந்து அவனோடு வரிசையில் நின்றதும் நான். தமக்கையின் புருசன் சொன்னால் எங்கள் ஆட்களில் மறுத்துக் கதைக்க மாட்டார்கள், அதுவும் மூன்றாம் ஆட்களுக்கு முன்னால். அவனுக்கு என் பேச்சில் நம்பிக்கை வந்துவிட்டதென்று நான் அன்றைக்கு நினைத்தேன். அவன் தலையாட்டியது எனக்காக, ஒயிலுக்காக அல்ல. அது விளங்க எனக்குப் பல மாதம் எடுத்தது.

மெக்கானிக் சிந்தெற்றிக்கை ஊற்றினார். தேன் நிறம். அரை லீட்டர் மிஞ்சியது. மிஞ்சிய போத்தலை நான்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

ஒயில் என்றால் எனக்கு ஏன் இந்தப் பயம் என்று சொல்ல வேண்டும். எனக்குப் பன்னிரண்டு வயதாக இருக்கும்போது அப்பாவிடம் ஒரு லாண்ட்மாஸ்ரர் இருந்தது. இரண்டு சில்லு எஞ்சின், பின்னால் பெட்டி பூட்டி இழுக்கிறது. அதை வாடகைக்கு ஓட்டித்தான் எங்கள் வீடு சாப்பிட்டது. ஊரில் சண்டையும் பொருளாதாரத் தடையும் இருந்த காலம். எஞ்சின் ஒயில் ஊருக்குள் வராது. அப்பா பழைய ஒயிலைத் துணியில் வடித்து வடித்துத் திரும்ப ஊற்றினார். அதுவும் முடிந்தபோது தேங்காயெண்ணெய் கலந்தார். சண்டை கிட்ட வந்து சனமெல்லாம் வீட்டை விட்டு வெளிக்கிட்ட நாளில், எங்கள் சாமானோடு அயலில் மூன்று வீட்டுச் சாமானையும் ஏற்றிக்கொண்டு போகும்போது எஞ்சின் இறுகி நின்றது. பின்னால் வந்த சனம் எங்களைச் சுற்றிக்கொண்டு போனது. சாமானை வீதியில் விட்டுவிட்டு நடந்தோம். அதற்குப் பிறகு லாண்ட்மாஸ்ரரும் இல்லை, எனக்குப் பள்ளிக்கூடமும் இல்லை. அப்பா அதைப் பற்றி அதிகம் கதைத்ததில்லை. சாப்பிட்டுக்கொண்டு இருக்கும்போது சிலவேளை நிறுத்திவிட்டு, "ஒரு போத்தல். ஒரேயொரு போத்தல் ஒயில் கையிலை இருந்திருந்தால்," என்பார். பிறகு சாப்பிடுவார்.

மச்சான் இருக்கும் தெரு பிக்கப்பை விடுவதற்குக் காணாது. ஆகவே அதை ஒவ்வொரு நாளும் மத்தியானம் கால்சாப் பகுதியில் எங்கள் ஒழுங்கையில் கொண்டுவந்து விடுவான். எங்கள் ஒழுங்கையும் ஒடுக்கம்தான். இரண்டு சில்லை நடைபாதைமேல் ஏற்றி விட்டால்தான் மற்ற வாகனம் போகலாம். எல்லோரும் அப்படித்தான் விடுவார்கள். நடைபாதை வலப்பக்கம். அந்த இடத்தில் கல்லும் நல்ல உயரம். ஒரு சாவி அவனிடம், மற்றது எங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஆணியில்.

ஒயில் மாற்றிய மூன்றாம் கிழமை, ஒருநாள் காலமை நான் வேலைக்கு வெளிக்கிட்டபோது பிக்கப்புக்குக் கீழே கல்லில் ஒரு கறுத்தப் பொட்டைக் கண்டேன். ஒரு யூரோ நாணயக் குற்றி அளவு. விரலால் தொட்டு மணந்தேன். ஒயில்.

மெக்கானிக் சொன்னது அப்படியே காதில் கேட்டது. மெல்லிசு. பழைய சீல். கசியும்.

திரும்ப மேலே ஏறிப் போய்ச் சாவியை எடுத்துவந்து, முன்மூடியைத் திறந்து, அளவுக் கம்பியை இழுத்துத் துடைத்து, விட்டு இழுத்துப் பார்த்தேன். கம்பியில் இரண்டு கோடு உண்டு. மேல்கோடு நிறைவு, கீழ்க்கோடு குறைவு. ஒயில் கீழ்க்கோட்டுக்கும் கீழே நின்றது.  மூன்று கிழமைக்குள் இவ்வளவு போய்விட்டதா? மச்சான் ஆறரைக்கு வந்து இதை எடுத்துக்கொண்டு சியாகுல்லிக்கு ஏறப் போகிறான். வழியில் இறுகினால்? மிஞ்சியிருந்த அரை லீட்டரைக் கொண்டுவந்து ஊற்றினேன். கம்பி கீழ்க்கோட்டைத் தொட்டது. அவ்வளவுதான்.

அன்றிலிருந்து காலமையில் அது என் வேலையாகிவிட்டது. ஒரு லீட்டர்ப் போத்தலாக வாங்கிவந்தேன், பல்கனியில் உடுப்புத் தோய்க்கும் மெசினுக்குப் பின்னால் வைத்தேன். வேலைக்குப் போகுமுன் ஒரு கோப்பிக் கிளாசில் கொஞ்சம் வார்த்துக்கொண்டு கீழே இறங்குவேன். கம்பியைப் பார்ப்பேன், ஊற்றுவேன். கோடு கொஞ்சம் ஏறும். மேல்கோட்டைத் தொடும் வரைக்கும் மனம் ஆறாது. தொட்ட பிறகும், இண்டைக்குப் பகல் முழுக்க ஓட வேண்டுமே, வழியில் சொட்டுமே என்று கொஞ்சம் கூட ஊற்றுவேன். அதன் பிறகுதான் அன்றைய நாளை நான் தொடங்குவேன்.

மச்சானிடம் சொல்லவில்லை. சொன்னால், சிந்தெற்றிக் போட்டதால்தான் கசிகிறதென்று வரும். போடச் சொன்னது நான். அவன் ஒன்றும் சொல்ல மாட்டான், அது எனக்குத் தெரியும். அவன் ஒன்றும் சொல்லாமல் நிற்பதைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மனைவி போத்தல்களைக் கண்டுவிட்டாள்.

"உதென்ன, பல்கனியிலை பெற்றோல் செட் திறந்திருக்கோ?"

"ஒயில். கொஞ்சம் கசியுது. நான் பாத்து விடுறன்."

"அவனுக்குத் தெரியுமோ?"

"இல்லை."

"அப்ப சொல்லுங்கோ. மெக்கானிக்கிட்டைக் கொண்டுபோய்க் காட்டட்டும்."

"சொன்னால் யோசிப்பான்."

"நீங்கள் ஒருத்தர் யோசிக்கிறது ஏழு குடும்பத்துக்குக் காணும். கொஞ்சத்தை அவனுக்கும் குடுங்கோவன்." பிறகு சிரிப்பை விட்டுவிட்டு, "உங்களுக்கு நெஞ்சு நோகுது எண்டு எத்தினை மாசமாச் சொல்லுறியள். டொக்டரிட்டைப் போகேல்லை. பிக்கப்புக்கு நாள்தவறாமல் மருந்து குடுக்கிறியள்," என்றாள்.

நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். சொல்லவில்லை.

மாசி நடுப்பகுதியில் ஒருநாள் மத்தியானம் மச்சான் பிக்கப்பை விட்டுவிட்டு மேலே வந்து சோறு சாப்பிட்டான். நல்ல சந்தோசத்தில் இருந்தான். தோட்டக்காரர் தன் பக்கத்துத் தோட்டத்துப் பெட்டிகளையும் இவனுக்கே தரச் சொல்லியிருக்கிறாராம். கணக்கெழுதும் ஆளிடம் போய்க் கேட்டானாம், வருசம் இப்படியே போனால் வருமானம் காணுமாம், விண்ணப்பம் போடலாமாம்.

கை கழுவும்போது சொன்னான்: "அத்தான், ரெண்டு நாளா வண்டி கொஞ்சம் புகைக்குது. வெள்ளையா. இழுவையும் காணாது. மெக்கானிக்கிட்டைக் காட்டுவமோ?"

"குளிர்தானே," என்றேன். "ஞாயிறு கொண்டுபோவம். நான் பாக்கிறன்."

எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு நோய்தான், ஒயில் இல்லாமல் போவது. புகைக்கிறது, இழுவை இல்லை என்றால் ஒயில் குறைகிறது என்று அர்த்தம். அடுத்த நாள் காலமை கிளாசை நிறைய வார்த்துக்கொண்டு இறங்கினேன். அதற்கு அடுத்த நாளும்.

மூன்றாம் நாள், முற்பகல் பத்து மணியிருக்கும், நான் ஒரு கட்டிடத்தின் நாலாம் மாடிப் படிக்கட்டைக் கழுவிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. மச்சான். அவன் குரலுக்குப் பின்னால் ஒரு இரைச்சல். விமானம் இறங்குகிற மாதிரி.

"அத்தான், நிக்குதில்லை அத்தான்," என்றான். போன் அறுந்தது.

வாளியை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். பஸ் பிடித்து அந்த இடத்துக்குப் போய்ச் சேர முக்கால் மணித்தியாலம் எடுத்தது. சியாகுல்லியிலிருந்து இறங்கிப் பெரிய வீதியோடு சேரும் இடம். பிக்கப் கரையில் நின்றது. தெரு முழுக்கக் கருகிய எண்ணெய் மணம். அறுபது பெட்டி மந்தரீனோ பின்னால் ஒன்றும் குலையாமல் இருந்தது. மச்சான் கல்லில் குந்தியிருந்தான். முகமெல்லாம் கரி. கையில் சாவி.

"சாவியை எடுத்தனான் அத்தான்," என்றான். "எடுத்தாப் பிறகும் ஓடினது."

இறக்கத்தில் வரும்போது எஞ்சின் தானாகக் கத்தத் தொடங்கியதாம். காலை எடுத்தாலும் கூடுகிறதாம், குறையவில்லை. பிறேக்கைப் போட்டு, கியரை விடுவித்து, எப்படியோ கரையில் நிறுத்திச் சாவியை இழுத்தானாம். சாவி கையில், எஞ்சின் இன்னும் மேலே மேலே கத்துகிறது. பின்னால் புகை, வீதியையே மறைத்து. ஒரு பஸ் சாரதி இறங்கிவந்து, விட்டுவிட்டு ஓடு, வெடிக்கும் என்று கையைப் பிடித்து இழுத்திருக்கிறார். தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தானாம், அது தானாகக் கத்திக் கத்தி, கடைசியில் இரும்பு முறிகிற சத்தத்தோடு நிற்கும்வரை.

இதையெல்லாம் அவன் எனக்குச் சொல்லிக்கொண்டிருக்கும்போது நான் நினைத்தது என்ன தெரியுமா? பாவி, இண்டைக்கு இன்னும் கொஞ்சம் ஊற்றியிருக்கலாமே என்று.

பின்னேரம் இழுத்துக்கொண்டுபோய் கராஜில் போட்டார்கள். அதே ஐந்து பேர். என் மனைவி வேலை முடிந்து நேரே அங்கே வந்திருந்தாள். தோட்டக்காரர் தன் பெட்டிகளுக்கு என்ன வழி என்று கேட்க வந்திருந்தார். அவற்றில் எண்ணெய்ப் புகை மணக்கிறதென்று சந்தையில் எடுக்கவில்லை.

மெக்கானிக் எஞ்சினுக்கு அடியில் ஒயில் வடிக்கிற ஆணியைக் கழற்றினார். ஒயில் வடியத் தொடங்கியது. அளவு போட்ட வாளி ஒன்றை வைத்திருந்தார். ஆறு நிறைந்தது. ஏழு நிறைந்தது. அவர் நிமிர்ந்து மச்சானைப் பார்த்தார். எட்டையும் தாண்டிக் கொஞ்சம் போய்த்தான் நின்றது.

"நான் ஊத்தினது ஆறரை," என்றார். "எரிஞ்சு போனது வேறை. ஆர் ஊத்தினது?"

மச்சான் விளங்காமல் வாளியைப் பார்த்தான். என் மனைவி என்னைப் பார்த்தாள்.

"நான்," என்றேன். பிறகு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். பொட்டு, அளவுக் கம்பி, கோப்பிக் கிளாஸ், மெசினுக்குப் பின்னால் இருந்த போத்தல்கள். இத்தாலி மொழியில் சொல்லத் தொடங்கி இடையில் தமிழுக்குப் போய்விட்டேன். தமிழில் சொன்னது மச்சானுக்கு. அவன் என்னைப் பார்க்காமல் கேட்டுக்கொண்டிருந்தான்.

மெக்கானிக் ஒரு கேள்விதான் கேட்டார். "வண்டியை எங்கை விட்டுப் பாத்தனி?"

"எங்கடை ஒழுங்கையிலை. நடைபாதையிலை ஏத்தி."

அவர் மேசையில் தான் குடித்து மீதி வைத்திருந்த கோப்பிக் கிளாசை எடுத்தார். வலப்பக்கத்தைத் தூக்கிச் சரித்துப் பிடித்தார். கோப்பி இடப்பக்கம் ஒதுங்கியது. வலப்பக்கக் கண்ணாடியை விரலால் தட்டினார். "கம்பி இந்தப் பக்கம்," என்றார். "இஞ்சையிருந்து பாத்தால் எப்பவும் குறைவாத்தான் தெரியும். சமநிலத்திலை விட்டுப் பாத்திருந்தால் நிறைஞ்சிருந்திருக்கும்."

"ஆனால் கசிஞ்சதே."

"கசியும். கிழமைக்கு ரெண்டு கரண்டி. அதாலை ஒண்டும் ஆகாது."

"சிந்தெற்றிக் போட்டதாலை..." என்று இழுத்தேன். அந்த நேரத்திலும் எனக்கு ஒயிலிலேயே ஒரு குற்றம் வேண்டியிருந்தது.

"ஒயிலை விடு," என்றார். "சிந்தெற்றிக் எண்டாலும் ஓடியிருக்கும், கலப்பு எண்டாலும் ஓடியிருக்கும். ரெண்டிலை எதையும் இவ்வளவு ஊத்தினால் இதுதான். கூடின ஒயில் மேலை ஏறிக் காத்துப் போற வழியாலை உள்ளுக்குப் போகும். எஞ்சின் டீசலை விட்டுட்டு அதைக் குடிச்சு ஓடும். சாவிக்கு அது கேக்காது."

தோட்டக்காரர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். நல்ல மனிசன். மச்சானின் தோளில் கை வைத்தார். "பழம் மரத்திலை உனக்காகக் காத்துக்கொண்டிராது மகனே," என்றார். அடுத்த நாள் வேறொருவன் தன் லொறியோடு தோட்டத்துக்குப் போனான். அந்தச் சீசனும் அதற்குப் பிறகு வரவிருந்த எலுமிச்சையும் அவனோடு போனது.

வீட்டுக்கு மூவரும் நடந்தோம்.  எங்கள் ஒழுங்கை முனையில் மச்சான் நின்றான்.

"அத்தான், மற்றச் சாவியைத் தாங்கோ."

மேலே போய் ஆணியிலிருந்து எடுத்துவந்து கொடுத்தேன். வாங்கிக் காற்சட்டைப் பையில் போட்டான்.

"நீங்கள் நல்லதுக்குத்தான் செய்தனீங்கள்," என்றான். "ஆனால் இனி என்ரை வண்டியைத் தொடாதேங்கோ."

ஒன்பது வருசத்தில் அவன் எனக்கு ஒன்றை மறுத்துச் சொன்னது அதுதான் முதல் தடவை. அந்த வார்த்தையை ஒயிலைப் போடச் சொன்ன அன்றைக்குச் சொல்லியிருக்கலாமே என்று நினைத்தேன். அப்படி நினைத்ததற்கு வெட்கமாகவும் இருந்தது.

மெக்கானிக் உடைசல் கடையொன்றிலிருந்து வேறொரு எஞ்சின் எடுத்துப் பூட்டிக்கொடுத்தார். எஞ்சினும் கூலியுமாக இரண்டாயிரத்து நானூறு யூரோ. வீட்டு முற்பணத்துக்கும் அவளுடைய ரிக்கெற்றுக்குமென்று மச்சான் ஒதுக்கி வைத்திருந்த காசு அது. முழுவதும் போனது. பங்குனியும் போனது. அந்த வருசத்து வருமானம் காணவில்லை என்று கணக்கெழுதும் ஆள் சொல்லிவிட்டார். விண்ணப்பம் போடவில்லை.

இப்போது அவன் வீடு மாறுகிறவர்களின் சாமான் ஏற்றுகிறான், சந்தைக்குக் கிடைப்பதை இறக்குகிறான். ஒருநாள் இருக்கும், இரண்டு நாள் இருக்காது. பிக்கப்பை எங்கள் ஒழுங்கையில் விடுவதில்லை. துறைமுகப் பக்கம் சமதரையான ஒரு இடத்தில் மாதக் காசு கட்டி விடுகிறான். ஒருதரம் அந்தப் பக்கம் போனபோது எட்டிப் பார்த்தேன். பின்பெட்டிக்குள் ஒரு ஒயில் கான் கிடந்தது. கலப்பு. முன்மூடிக்குக் கிட்டப் போகாமல் திரும்பி வந்துவிட்டேன்.

போன புரட்டாதியில் பலெர்மோவின் காவல் மாதாவான சந்தா ரொசாலியாவின் மலைக்கு எல்லோருமாக ஏறினோம். வேதக்காரர், சைவக்காரர் என்றில்லாமல் எங்கள் ஆட்கள் எல்லோரும் ஏறுவார்கள். என் மனைவி வெறுங்காலோடு. மச்சான் முன்னுக்கு நடந்தான். வளைவுகளில் நின்று தமக்கைக்குத் தண்ணீர்ப் போத்தல் நீட்டினான், எனக்கும் நீட்டினான். மேலே குகைக் கோயிலுக்குள் நான் கேட்டதெல்லாம் வவுனியாவில் இருக்கிறவளுக்காக. ஞாயிற்றுக்கிழமைகளில் என் மனைவி அவளோடு வீடியோவில் கதைக்கும்போது போன் என் பக்கம் திரும்பும். "அண்ணை, சுகமோ? சாப்பிட்டாச்சோ?" என்று கேட்பாள். ஓம் என்பேன். பிக்கப்பைப் பற்றி அவள் இதுவரைக்கும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அவளுக்கு எல்லாம் தெரியும். கேட்டுவிட்டால் கொஞ்சம் லேசாக இருக்குமோ என்று நினைப்பதுண்டு.

எஞ்சினுக்குப் போன காசை நான் தருகிறேன் என்று அந்தப் பங்குனியிலேயே மச்சானிடம் சொன்னேன். வேண்டாம் என்றான். "அப்ப நான் எப்பிடிச் சோறு தின்னுறது?" என்று கேட்டேன். அதற்குப் பிறகு அவன் மறுக்கவில்லை. மாதம் எழுபது யூரோ. என் சம்பளத்தில் அதற்குமேல் எடுக்க முடியவில்லை. கடித உறையில் வைத்துக் கொடுப்பேன். எண்ணிப் பார்க்க மாட்டான், அப்படியே மடித்துச் சட்டைப் பையில் வைப்பான். சிலவேளை, "நெஞ்சு நோவுக்கு டொக்டரிட்டைப் போனனீங்களோ?" என்று கேட்பான். போகிறேன் என்பேன். பதினெட்டு மாதம் கொடுத்துவிட்டேன். இன்னும் கொடுக்க இருப்பது ஆயிரத்து நூற்று நாற்பது யூரோ.